பன்றிக் கொட்டகையை நோயிடமிருந்து காப்பது நம் கையில்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பன்றி வளர்க்கும் குழுக்களின் சார்பில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்தக் கூட்டத்தில் பல தடவை பேசியாச்சு. பன்றிக்கு இதுதான் முதல் தடவை. கடன் விண்ணப்பத்தில்கூட நம்மில் சிலர் "கால்நடை வளர்ப்பு" என்று மொட்டையாக எழுதுகிறோம். பன்றி என்று எழுதக் கூச்சம். அந்தக் கூச்சத்தை இன்றைக்குக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஏனென்றால் நாம் பேசப்போகிற நோய்க்கு மிகவும் பிடித்தது மூடி மறைக்கிற இடம்தான்.

அந்த நோய்க்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று பெயர். கென்யா நாட்டில் 1921-ம் வருடம் முதன்முதலில் எழுதி வைக்கப்பட்ட நோய். நம் இந்தியாவுக்குள் 2020-ல்தான் வந்தது. அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் ஆயிரக்கணக்கில் பன்றிகள் செத்தன. அது எங்கேயோ வடகிழக்கில் என்று நாம் இருந்தோம். 2022 ஜூலையில் கேரளாவில் வயநாடு மாவட்டம் மானந்தவாடிப் பக்கம் பண்ணைகளில் உறுதியானது. 2023 தொடக்கத்தில் நம் நீலகிரி மாவட்டம் முதுமலைக் காட்டில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தன, சோதித்தால் அதே நோய். இனிமேல் இது பக்கத்து வீட்டு விஷயம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறோம். இது மனிதர்களுக்கு வராது. நம் பிள்ளைகளுக்கு வராது, ஆடு மாடு கோழிக்கும் வராது. சில வருடத்துக்கு முன்னால் "பன்றிக் காய்ச்சல்" என்று மனிதர்களுக்கு வந்ததே, அது வேறு கிருமி, இது வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஊரில் குழப்பம் வரும், பன்றிக் கொட்டகையை ஊரை விட்டு எடு என்று யாராவது கிளப்புவார்கள். அப்படிச் சொன்னால் கால்நடை டாக்டரையே கூப்பிட்டுப் பேச வையுங்கள்.

மனிதருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம். கொட்டகையில் பத்து இருந்தால் பத்தும் போகலாம். மருந்து கிடையாது. வியட்நாம் நாட்டில் தடுப்பூசி போட ஆரம்பித்திருக்கிறார்கள், நம் நாட்டில் நம் கைக்கு அப்படி ஒன்று வரவில்லை. யாராவது ஊசி இருக்கிறது, ஒரு பன்றிக்கு இவ்வளவு கொடு என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் பல கொட்டகை ஏறி இறங்கி வருகிற ஆள், அவர் ஊசியே நோயைக் கொண்டு வரும்.

சரி, எப்படி வருது? காற்றில் பறந்து ஊர் ஊராகப் போகிற நோய் இல்லை இது. அதுதான் நமக்கு இருக்கிற ஒரே நல்ல சேதி. நோய்ப் பன்றியின் ரத்தம், சளி, சிறுநீர், சாணம், அதன் இறைச்சி, இவை பட்ட செருப்பு, கத்தி, கயிறு, வண்டிச் சக்கரம், சாக்கு, இப்படித்தான் போகும். அதாவது நோய் நடக்காது, நாம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறோம். பல ஊரில் வியாபாரியின் வண்டிதான் அதற்குப் பேருந்து.

கிருமி ரொம்பக் கெட்டி. உப்புக் கண்டத்தில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். உறைய வைத்த இறைச்சியில் வருடக் கணக்கில் இருக்கும். 1957-ல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் மிஞ்சிய சாப்பாட்டைப் பன்றிக்குப் போட்டார்கள். அதில் இருந்த இறைச்சியில் ஆப்பிரிக்காவிலிருந்து கிருமி வந்து இறங்கியது. 2007-ல் ஜார்ஜியா என்கிற நாட்டிலும் துறைமுகத்தில் கப்பல் கழிவுச் சாப்பாட்டால் வந்திருக்கும் என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து ரஷ்யா, ஐரோப்பா, 2018-ல் சீனா என்று போனது. எவ்வளவோ பெரிய நாடுகள். ஆரம்பம் என்னவோ ஒரு வாளி எச்சில் சாப்பாடு.

இங்கேதான் நாம் நிற்க வேண்டியிருக்கு. ஏன் என்றால் நம்ம பன்றி வளர்ப்பே ஓட்டல் கழிவை நம்பித்தான் இருக்கு. கடைத் தீவனம் வாங்கிப் போட்டால் கட்டுபடியாகாது என்று எல்லாருக்கும் தெரியும். டவுனில் ஓட்டல், மண்டபம், ஹாஸ்டல் என்று டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து கொட்டுகிறோம். "அது வெந்த சோறுதானே அக்கா, அதுல என்ன கிருமி இருக்கும்?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. நன்றாக வெந்த குழம்பில் கிருமி செத்துப்போகும், உண்மைதான். ஆனால் அந்த டிரம்மில் குழம்பு மட்டுமா விழுகிறது? கறி நறுக்கும்போது எறிகிற கொழுப்பு, ஜவ்வு, எலும்பு, கறி கழுவின தண்ணீர் எல்லாம் அதே டிரம்மில்தான். பன்றிக்கறி சமைக்கிற கடையாக இருந்தால் ஒரு துண்டு போதும்.

ஆகவே ஒன்று, பன்றிக்கறி புழங்குகிற கடையின் கழிவே வேண்டாம். ஓட்டல்காரரிடம் கேட்டு, காய்கறி, சோற்றுக் கழிவுக்குத் தனி டிரம் வைக்கச் சொல்லுங்கள். நாம் தினமும் எடுத்துக்கொண்டு போகாவிட்டால் அவருக்குத்தான் நாற்றம், கேட்டால் செய்வார். இரண்டு, எந்தக் கழிவாக இருந்தாலும் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும். சும்மா சூடு காட்டுவது கணக்கில்லை. கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம், அடிவரைக்கும் கிளறிக்கிட்டே இருக்கணும். உலக அளவில் கால்நடை நோய்களுக்கு விதி சொல்கிற அமைப்பு வைத்திருக்கிற அளவு 90 டிகிரி சூட்டில் 60 நிமிடம். கிளறாவிட்டால் மேலே கொதிக்கும், நடுவில் கட்டி கட்டியாக வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

விறகுக்கு எங்கே போவது என்று நீங்கள் முணுமுணுப்பது எங்களுக்குக் கேட்கிறது. தனித்தனியாக எட்டு வீட்டில் எட்டு அடுப்பு எரித்தால் முடியாதுதான். ஒரு குழுவில் மூணு நாலு பேர் பன்றி வைத்திருந்தால் ஒரு பெரிய அண்டா, ஒரு அடுப்பு, முறை வைத்துக் காய்ச்சலாம். ஆனால் காய்ச்சினதை வாங்க வருகிறவர் தன் கொட்டகை வாளியைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. அதற்கென்று தனி வாளி. பச்சைக் கழிவு வந்த டிரம்மும், வெந்ததை எடுக்கிற வாளியும் ஒன்றாக இருக்கவே கூடாது. காய்ச்சியதைத் திரும்ப அழுக்கு டிரம்மில் ஊற்றினால் விறகும் போச்சு, ஒரு மணி நேரமும் போச்சு.

அடுத்து கொட்டகை வாசல். நம் கொட்டகைக்குள் யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். விலை பேச வருகிற வியாபாரி, அவரோடு வருகிற பையன், கறிக்கடைக்காரர், ஆண் பன்றியைச் சேர்க்கைக்கு ஓட்டி வருகிறவர், தீவன மூட்டை இறக்குகிறவர், வேடிக்கை பார்க்க வருகிற சொந்தக்காரர். வியாபாரி காலையில் எந்தக் கொட்டகையில் நின்றார் என்று நமக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே வராதே என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் நாளைக்கு வாங்குகிறவர் அவர்தான். அதனால் பன்றியை வெளியே கொண்டுவந்து காட்டுங்கள். விற்கிற பன்றிக்கென்று கொட்டகையை விட்டுத் தள்ளி ஒரு சின்னப் பட்டி போட்டு, வண்டி அங்கேயே நிற்கட்டும். அந்தப் பட்டிக்குப் போன பன்றி விலை படியவில்லை என்றாலும் உடனே உள்ளே திரும்பக்கூடாது.

கொட்டகைக்கு என்று ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், வேறெங்கும் அதைப் போட்டுப் போக வேண்டாம். வாசலில் ஒரு தொட்டியோ, பழைய டயரோ வைத்து மருந்துத் தண்ணீர் விட்டு அதில் காலை நனைத்து உள்ளே போவது நல்லது. ஆனால் சாணியும் சேறும் ஒட்டின காலை அப்படியே நனைத்தால் மருந்து வேலை செய்யாது. முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவணும், பிறகுதான் மருந்து. காஸ்டிக் சோடா என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம். அது தோலைப் பொசுக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. கையுறை போட்டு, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது, தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கணும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. தொட்டித் தண்ணீர் கலங்கினால் மாற்றிவிடுங்கள். ஒரு மாதமாக மாற்றாத தொட்டி வெறும் சடங்குதான்.

புதுக் குட்டி வாங்கினால் ஒரு மாதம் தனியாக வையுங்கள். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 4 நாளிலிருந்து 19 நாள்வரை ஆகலாம். சந்தையில் துள்ளிக் குதித்த குட்டி பதினைந்தாம் நாள் படுத்துக்கொள்ளலாம். முதலில் பழைய பன்றிகளுக்கு வேலை செய்துவிட்டு, கடைசியில் புதுக் குட்டியிடம் போங்கள். மாற்றிச் செய்யாதீர்கள். ஆண் பன்றியை ஊர் ஊராக ஓட்டிப்போய்ச் சேர்ப்பது பழைய வழக்கம். அதையும் நம் குழுக்களுக்குள்ளேயே ஒரு கிடாய் என்று வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசிக்கணும்.

காட்டோரம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செத்துக் கிடக்கிற காட்டுப்பன்றியைத் தொடாதீர்கள், இறைச்சியை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது சட்டப்படியும் குற்றம், நம் கொட்டகைக்கும் எமன். பன்றியைத் தெருவில் மேய விடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். இத்தாலி நாட்டில் சார்டினியா என்று ஒரு தீவு. 1978-ல் இந்த நோய் அங்கே வந்தது. பன்றிகளை அவிழ்த்துவிட்டு மலையில் மேய விடுவது அந்த ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை நிறுத்துகிறவரைக்கும் நாற்பது வருடத்துக்கு மேல் நோய் போகவே இல்லை.

இப்போது நோய் வந்தால் எப்படித் தெரியும்? பன்றி தீனி எடுக்காது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கும்பலாகப் படுத்துக் கிடக்கும். காய்ச்சல் 105, 106 டிகிரி என்று அடிக்கும். காது, வயிறு, தொடை சிவந்து பிறகு நீலம் பாரிக்கும், வெண்பன்றியில் இது நன்றாகத் தெரியும், கருப்புப் பன்றியில் தெரியாது. மூக்கில் ரத்தம், சாணத்தில் ரத்தம் வரலாம். சினைப் பன்றி கருவை வீசிவிடும். சில சமயம் இதில் எதுவுமே இல்லாமல் காலையில் செத்துக் கிடக்கும். வெயில் காலத்தில் "வெக்கை தாங்காமல் செத்துச்சு" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஒன்று செத்தால் வெக்கை என்று சொல்லலாம். இரண்டு மூணு செத்தால் சொல்லாதீர்கள்.

இதே மாதிரி அடையாளத்தோடு இன்னொரு நோய் உண்டு, சாதாரணப் பன்றிக் காய்ச்சல். கண்ணால் பார்த்து டாக்டரே பிரிக்க முடியாது, ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பித்தான் சொல்வார்கள். ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்று உறுதி செய்கிற பெரிய ஆய்வகம் போபாலில் இருக்கு. அந்தச் சாதாரணக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. முன்னெல்லாம் முயலை வைத்துத் தயாரித்ததால் போதுமான அளவு கிடைக்காது. 2020-ல் பரேலிக்குப் பக்கத்தில் இருக்கிற இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் முயல் இல்லாமலே ஆய்வகத்தில் தயாரிக்கிற தடுப்பூசியைக் கொண்டுவந்தது. நம் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, டாக்டர் சொல்கிற வயதில் குட்டிகளுக்குப் போட்டுவிடுங்கள். ஒரு வசதி என்னவென்றால், தடுப்பூசி போட்ட கொட்டகையில் காய்ச்சல் வந்தால் டாக்டரின் சந்தேகம் சீக்கிரம் சரியான பக்கம் போகும்.

இனி சொல்லப்போவதுதான் இன்றைக்கு நாங்கள் பேச வந்த காரணமே.

பன்றி படுத்துவிட்டது. வீட்டில் என்ன நடக்கும்? கடன் தவணை கண்ணுக்கு முன்னால் நிற்கும். சினை மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள், அதுக்கு அப்புறம் எட்டு மாசம் வளர்த்து, இப்போது விற்கிற நேரம். "செத்தா ஒண்ணுமில்ல, உயிரோட இருக்கும்போதே பாதி விலைக்காவது தள்ளிடு" என்று வீட்டுக்காரர் சொல்வார், மாமியார் சொல்வார். வியாபாரியும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஏறிவிடும். செத்ததை அறுத்து அக்கம்பக்கத்துக்குக் கூறு போட்டுக் கொடுப்பதும் நடக்கும். அறுக்கும்போது சிந்துகிற ரத்தத்தில்தான் கிருமி அதிகம்.

இப்படிச் செய்கிறவரைக் கெட்டவர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பசிக்கும் தவணைக்கும் நடுவில் நிற்கிறவர் அவர். ஆனால் அந்த வண்டி எங்கே போகும்? பக்கத்து ஊரில் நம்ம கூட்டமைப்பு உறுப்பினர் ஒருத்தியின் கொட்டகை வாசலுக்கும் போகும். பாதி விலைக்கு நாம் தள்ளியது இன்னொரு தங்கச்சியின் முழுப் பிழைப்பு.

மறைக்காமல் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ம் வருடக் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டப்படி, இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ சொல்லவேண்டியது வளர்ப்பவரின் கடமை, அவர்கள் கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நேராகக் கால்நடை மருந்தகத்துக்கே போகலாம், 1962 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். நோய் உறுதியானால் அந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கிற பன்றிகளை அரசு அழித்துவிடும். 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு, பன்றி வாங்க விற்கத் தடை. கேட்கவே வயிற்றைக் கலக்கும், தெரியும். நோய் இல்லாத பன்றியையும் அழிக்கிறார்களே என்று வயநாட்டிலும் வளர்ப்பவர்கள் அழுதார்கள். ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே பன்றி கிருமியைப் பரப்ப ஆரம்பித்துவிடும், அதனால்தான் பக்கத்தில் இருப்பதை விட்டுவைப்பதில்லை.

அரசு அழிக்கிற பன்றிக்கு எடையைப் பொறுத்து இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போடுகிற பணம். தானாகச் செத்த பன்றிக்கு அது கிடையாது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் பன்றி படுத்த அன்றைக்கே சொன்னவளுக்கு மிச்சம் ஒன்பதுக்குப் பணம். பத்தும் சாகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றுமில்லை. சந்தை விலைக்கு இழப்பீடு ஈடாகாது, பணம் வரவும் நாளாகும், இதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். அதனால் எத்தனை பன்றி, எத்தனை குட்டி, என்ன எடை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருங்கள். அதிகாரி வந்து நிற்கும்போது நோட்டு பேசும். காப்பீடு எடுத்தவர்கள் காதுவில்லை தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரசு அழித்தால் காப்பீட்டில் பணம் உண்டா என்று பிரீமியம் கட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

டாக்டர் வரும்வரைக்கும் அந்தக் கொட்டகையிலிருந்து பன்றி, சாணி, தீவனம், வாளி எதுவும் வெளியே போகக்கூடாது. அந்த வீட்டுப் பெண் மற்ற பன்றிக் கொட்டகைகளுக்குப் போக வேண்டாம். குழுக் கூட்டத்துக்கும் அந்த வாரம் வராமல் இருந்தால் அபராதம் போடாதீர்கள். செத்ததைக் கிணறு, ஓடை பக்கம் போடாமல் டாக்டர் காட்டுகிற இடத்தில் ஆறடிக் குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்டாதபடி புதைக்கணும்.

ஸ்பெயின் நாட்டு விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. 1960-ல் அங்கே இந்த நோய் நுழைந்தது. இருபத்தைந்து வருடம் படாதபாடு பட்டார்கள். 1985-ல் புதுத் திட்டம் போட்டார்கள். நடமாடும் டாக்டர் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பன்றிகளின் ரத்தத்தைச் சோதித்தன, நோய் இருந்தால் அழித்து இழப்பீடு கொடுத்தார்கள், கொட்டகைகளைத் திருத்தக் கடன் கொடுத்தார்கள். கூடவே சின்னச் சின்னப் பன்றி வளர்ப்பவர்கள் சேர்ந்து சுகாதாரச் சங்கங்கள் அமைத்துத் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பத்து வருடத்தில், 1995-ல், நோய் இல்லாத நாடு என்று ஆகிவிட்டது. தடுப்பூசி இல்லாமலே. குழுவாகச் சேர்வது நமக்கு இவர்களிடம் கற்க வேண்டிய வித்தை இல்லை, நாம் வருடக்கணக்காகச் செய்வதுதான்.

அதனால் எங்கள் பக்கமிருந்து கூட்டமைப்புக்கு இரண்டு கோரிக்கை வைக்கிறோம். பன்றியை அரசு அழித்த உறுப்பினருக்கு, இழப்பீடு கைக்கு வரும்வரை உள்கடன் தவணையை நிறுத்தி வைக்க வேண்டும், அபராத வட்டி போடக்கூடாது. தவணைக்குப் பயந்துதான் ராத்திரி வண்டி ஏறுகிறது என்றால், தவணையை வைத்திருக்கிற நாம்தான் அதைத் தடுக்க முடியும். வங்கிக் கடனுக்கு வங்கி மேலாளரிடம் கூட்டமைப்பே எழுதிக் கேட்கட்டும். இரண்டாவது, அழித்த கொட்டகையில் அவசரப்பட்டுப் புதுக் குட்டி வாங்க யாரும் கடன் கேட்டால் உடனே கொடுக்கக்கூடாது. கழுவி, மருந்து அடித்து, குறைந்தது 40 நாள் காலியாகப் போட்டு, கால்நடைத் துறை சம்மதித்த பிறகு முதலில் ஒன்றிரண்டு குட்டி மட்டும் விட்டுப் பார்க்கணும். அவை ஒன்றரை மாதம் நன்றாக இருந்தால் மிச்சத்தை வாங்கலாம். நடுவில் இருக்கிற மாதங்களுக்கு ஆடோ கோழியோ வைக்க விரும்பினால் அதற்குச் சின்னக் கடன் கொடுங்கள், அவற்றுக்கு இந்த நோய் வராது.

இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பன்றி வளர்க்காத குழுக்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பன்றி வளர்ப்பவர்கள் பெயர், பன்றி எண்ணிக்கை, தடுப்பூசி போட்ட தேதி எழுத ஒரு படிவம் ஊக்குநரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது வாங்கிக்கொண்டு போய், அடுத்த கூட்டத்துக்குள் நிரப்பிக் கொடுங்கள். பன்றி என்றே எழுதுங்கள்.